துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கு, தோட்டாவுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? கிணத்துக்கடவு காடுகளில் இருந்து ஒரு பார்வை

கொங்குப் பக்கம் ஒரு விவசாயி 'காட்டுக்குப் போறேன்' என்று சொன்னால் வனத்துக்குப் போகிறார் என்று அர்த்தமில்லை. தன்னுடைய மானாவாரி நிலத்துக்குப் போகிறார். சோளக்காடு, தக்காளிக்காடு, கடலைக்காடு எல்லாமே இங்கே காடுதான். ஆனால் காட்டுப்பன்றிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. வனத்துறை 'காடு' என்று சொல்வதும், கிணத்துக்கடவு விவசாயி 'காடு' என்று சொல்வதும் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒன்றாகிவிடுகிறது. அங்கிருந்துதான் இந்தப் பிரச்னை தொடங்குகிறது.

கோவை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் காட்டுப்பன்றி பேசப்படாத மாதம் அபூர்வம். நஷ்டஈடு, மின்வேலி, 'எங்களையே சுட விடுங்க' என்று கோரிக்கைகள் நீளும். அந்த மூன்றாவது கோரிக்கைக்குப் பின்னால் பெரிதாக வெளியே பேசப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி சில வீடுகளில் இருக்கு. தாத்தா காலத்து ஒற்றைக்குழல், இரட்டைக்குழல். அதில் போடும் தோட்டாதான் சிக்கல். எத்தனை வாங்கலாம், எத்தனை கையில் வைத்திருக்கலாம், எந்த அளவில் வாங்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. ரைஃபிள் தோட்டா என்றால் இன்னும் இறுக்கம்.

இந்தக் கட்டுப்பாடு தேவையா, அதிகமா? இரண்டு பக்கமும் வாதம் இருக்கு. அதற்கு முன்னால் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம்.

தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேணுமா?

வேணும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3வது பிரிவு துப்பாக்கியையும் தோட்டாவையும் ஒரே மூச்சில் சொல்கிறது. லைசென்ஸ் இல்லாமல் இரண்டையும் வாங்கவோ, வைத்திருக்கவோ, எடுத்துச் செல்லவோ முடியாது. ஒருவரிடம் துப்பாக்கியே இல்லை, பீரோவுக்குள் நாலு தோட்டா மட்டும் கிடக்கிறது என்றாலும் வழக்கு வரலாம்.

லைசென்ஸ் புத்தகத்தில் துப்பாக்கியின் வகை, எண், எந்த எல்லைக்குள் எடுத்துச் செல்லலாம் என்பதோடு தோட்டாவுக்கு இரண்டு எண்கள் எழுதப்பட்டிருக்கும். ஒரு நேரத்தில் அதிகபட்சம் எத்தனை கையில் இருக்கலாம், ஒரு வருடத்தில் மொத்தம் எத்தனை வாங்கலாம். கடைக்காரர் விற்கும்போது அதை லைசென்ஸிலும் ஏற்ற வேண்டும், தன் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும். கிட்டத்தட்ட ரேஷன் கார்டு மாதிரி. வருடக் கணக்கு முடிந்துவிட்டால் அடுத்த வருடம்தான்.

லைசென்ஸ் கொடுப்பது யார்? கோவை மாநகர எல்லைக்குள் போலீஸ் கமிஷனர். கிணத்துக்கடவு போன்ற புறநகர், கிராமப் பகுதிகளுக்கு மாவட்ட கலெக்டர். உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில் இருந்து அறிக்கை போன பிறகுதான் முடிவு. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் வந்த பிறகு துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிக்கான சான்றிதழும் சேர்ந்துகொண்டது.

தமிழ்நாட்டில் துப்பாக்கி லைசென்ஸ் என்பதே அரிதான சமாச்சாரம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2016 டிசம்பர் நிலவரப்படி மத்திய உள்துறை வைத்திருந்த கணக்கில் நாடு முழுக்க 33.69 லட்சம் லைசென்ஸ்கள். அதில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் சுமார் 22,500 தான். நம்ம ஊரில் கல்யாண மண்டபத்தில் வானத்தைப் பார்த்துச் சுடும் பழக்கம் இல்லை. ஆனால் அந்தப் பழக்கத்தைக் கட்டுப்படுத்தக் கொண்டுவந்த சட்டத் திருத்தம் நமக்கும் சேர்த்துத்தான்.

ரைஃபிள் கேட்டால் ஏன் 'இல்லை' என்கிறார்கள்?

பேச்சு வழக்கில் எல்லாமே துப்பாக்கிதான். சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு வேறு. குழலின் உட்பக்கம் வழுவழுப்பாக இருந்தால் அது சாதாரணத் துப்பாக்கி. 12 போர் என்று கடையில் கேட்பது அதுதான். உட்பக்கம் திருகுசுழியாகக் காடி வெட்டியிருந்தால் ரைஃபிள். அந்தக் காடி குண்டைச் சுழற்றி அனுப்புவதால் அது நேராகவும் ரொம்பத் தூரமும் போகும்.

ஆயுதச் சட்டத்தின் 13வது பிரிவில் விவசாயிகள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரு வாசகம் இருக்கு. நிஜமாகவே பயிரைக் காக்கத்தான் என்றால், வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய பாணி துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரப்பட வேண்டும். தடுக்கத் தனிக் காரணம் இல்லாதவரை 'தரலாம்' அல்ல, 'தர வேண்டும்'. அது போதாது என்று அதிகாரி திருப்தியடைந்தால், குறைந்தது 20 அங்குலக் குழல் உள்ள வேறு வழுவழுப்புக் குழல் துப்பாக்கிக்கும் தரலாம். ரைஃபிள் இந்தப் பட்டியலிலேயே வரவில்லை. பாயின்ட் 22 ரைஃபிளைப் பற்றி அதே பிரிவு பேசுகிறது, ஆனால் அங்கீகரிக்கப்பட்ட ரைஃபிள் கிளப் உறுப்பினர் இலக்குப் பயிற்சி செய்வதற்காக. தோட்டத்துக்கு இல்லை.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். 12 போர் தோட்டாவில் பன்றிக்குப் போடுவது 'எல்.ஜி.' எனப்படும் வகை. உள்ளே ஆறு பெரிய ஈயக்குண்டுகள். நாற்பது, ஐம்பது மீட்டர் தாண்டினால் அது சிதறி வலு இழந்துவிடும். ரைஃபிள் குண்டு அப்படி இல்லை. சின்னது என்று நினைக்கும் பாயின்ட் 22 குண்டே ஒன்றரை கிலோமீட்டர் வரை ஆபத்தானது என்று கணக்கு. பாயின்ட் 315 அதைவிட வெகுதூரம் போகும். கோவை - பொள்ளாச்சி சாலையின் இரண்டு பக்கமும் பாருங்க. தென்னந்தோப்பு, இடையில் தோட்டத்துச் சாளை, கொஞ்சம் தள்ளி இன்னொரு சாளை, மாட்டுக்கொட்டகை, கோழிப்பண்ணை, காலேஜ். பொன்மலை மேலே நின்று பார்த்தால் ஒன்றரை கிலோமீட்டருக்குள் ஆளே இல்லாத திசை ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் சுடும் குண்டு பன்றியைத் தவறவிட்டால் எங்கே போய் நிற்கும் என்பது போலீஸ் கேட்கும் கேள்வி.

விவசாயிகளின் பதிலிலும் நியாயம் இருக்கு. வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியை ஒரு தடவை சுட்டால் மறுபடி மருந்து, குண்டு போட்டுக் கெட்டிப்பதற்குள் பன்றிக் கூட்டம் அடுத்த காட்டைத் தாண்டியிருக்கும். காயத்தோடு தப்பும் ஆண் பன்றி திரும்பிப் பாய்ந்தால் ஆளைக் கிழித்துவிடும். அரைகுறையாகக் காயப்படுத்தும் ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு 'பயிர்ப் பாதுகாப்பு' என்று பெயர் வைப்பது யாருக்குப் பாதுகாப்பு என்பது அவர்கள் கேள்வி.

பாயின்ட் 303ம் பாயின்ட் 315ம்: ஒரு வெள்ளைக்காரன் காலத்துக் கதை

இந்தியாவில் எந்தத் துப்பாக்கி தடை செய்யப்பட்டது, எது அனுமதிக்கப்பட்டது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் துப்பாக்கியே இல்லை. அதற்குள் எந்தத் தோட்டா நுழையும் என்பதுதான். ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் பாயின்ட் 303 அல்லது 7.62 மில்லிமீட்டர் தோட்டாவை ஏற்றுச் சுடக்கூடிய எந்த ரைஃபிளும் தடை செய்யப்பட்ட வகை. 9 மில்லிமீட்டர் சர்வீஸ் தோட்டா நுழையும் கைத்துப்பாக்கியும் அப்படித்தான். சினிமாவில் ஹீரோ இடுப்பில் இருந்து உருவும் 9 எம்.எம். பிஸ்டலுக்கு கலெக்டர் லைசென்ஸ் கொடுக்க முடியாது. அந்த அதிகாரம் மத்திய உள்துறையிடம் மட்டும்தான்.

இந்த யோசனை சுதந்திர இந்தியாவின் கண்டுபிடிப்பு இல்லை. 1857 கிளர்ச்சியைப் பார்த்துப் பயந்த ஆங்கிலேய அரசு, லிட்டன் வைஸ்ராயாக இருந்த 1878இல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு பயம் வந்தது. வேட்டைக்காரர்கள் விரும்பி வாங்கிய பாயின்ட் 450 தோட்டாக்கள் கிளர்ச்சியாளர்கள் கையில் இருந்த பழைய மார்ட்டினி ஹென்றி ரைஃபிள்களுக்குப் போய்விடுமோ என்று. 1907 வாக்கில் இந்தியாவிலும் சூடானிலும் அந்த அளவுக்குத் தடை வந்தது. லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? பாயின்ட் 465, பாயின்ட் 470 என்று தடைக்குள் வராத புதுப்புது அளவுகளை இறக்கிவிட்டன. யானை வேட்டை, புலி வேட்டைக் கதைகளில் பாயின்ட் 470 ரைஃபிள் அடிக்கடி தலைகாட்டுவதற்கு இந்தத் தடையும் ஒரு காரணம்.

பாயின்ட் 303 படைகளுக்கு மட்டும் என்றானதும், பொதுமக்களுக்கு அதே மாதிரி ஒன்று வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் புழங்கிய 8 மில்லிமீட்டர் தோட்டா ஒன்று இங்கே பாயின்ட் 315 ஆனது. பட்டாளத்துத் துப்பாக்கியில் நுழையாது, பட்டாளத்துத் தோட்டாவும் இதில் நுழையாது. வெள்ளைக்காரன் போய்ப் பல தலைமுறை ஆகியும், இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரி செய்த ஸ்போர்ட்டிங் ரைஃபிள்கள் அந்த அளவில்தான் வந்தன. இன்றைக்கு லைசென்ஸ் புத்தகத்தில் 'பாயின்ட் 315' என்று இருப்பதற்கு வேர் அங்கே.

ஆயுதச் சட்டம் சுதந்திரப் போராட்டத்தின் புகார்ப் பட்டியலிலும் இருந்தது. ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய சட்டம் என்று காந்தி கடுமையாக விமர்சித்திருக்கிறார். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது. அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை நினைவுபடுத்தித் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் ஏற்கவில்லை. ஆக, அமெரிக்கா மாதிரி இங்கே துப்பாக்கி அரசியல் சாசன உரிமை இல்லை. அரசு கொடுக்கும் அனுமதி. தோட்டா பற்றிய எல்லா விவாதமும் இந்த இடத்தில் நின்றுதான் நடக்கிறது.

விளையாட்டு வீரருக்கு ஆயிரக்கணக்கில், விவசாயிக்கு?

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. ஒருவர் வைத்திருக்கக் கூடிய துப்பாக்கிகள் மூன்றில் இருந்து இரண்டாகக் குறைந்தன. முதலில் மசோதாவில் இருந்தது ஒன்றுதான், எதிர்ப்பு வந்த பிறகு இரண்டு ஆக்கினார்கள். லைசென்ஸ் காலம் மூன்று வருடத்தில் இருந்து ஐந்து வருடம் ஆனது. கொண்டாட்டத்தில் அஜாக்கிரதையாகச் சுட்டால் இரண்டு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இல்லை இரண்டும். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் குறைந்தபட்சத் தண்டனையே இரண்டு வருடம், அதிகபட்சம் ஐந்து.

இரண்டு மாதம் கழித்து, 2020 பிப்ரவரியில், விளையாட்டுத் துப்பாக்கி வீரர்களுக்கு மட்டும் கதவு அகலமாகத் திறந்தது. சர்வதேசப் பதக்கம் வென்றவர்கள் 12 துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். பயிற்சிக்கு ஒரு வருடத்தில் வாங்கக்கூடிய தோட்டாக்களின் எண்ணிக்கையும் கணிசமாகக் கூட்டப்பட்டது. இதில் தப்பு சொல்ல முடியாது. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் சுட்டார். அந்த மாதிரி ஒரு வீரர் ஒரே நாள் பயிற்சியில் செலவழிக்கும் தோட்டா, ஒரு விவசாயியின் வருடக் கணக்கையே தாண்டிவிடும். பயிற்சி இல்லாமல் பதக்கம் எப்படி வரும்?

ஆனால் ஒப்பீடு தவிர்க்க முடியாதது. விளையாட்டுக்குத் தேவை என்றதும் தோட்டா வரம்பைத் தளர்த்த முடிகிறது. பயிர்ப் பாதுகாப்பு என்ற தேவைக்கு அப்படி ஒரு தனிப் பார்வை ஏன் இல்லை? பயிற்சிக்கும் இதே கேள்வி பொருந்தும். வருடம் முழுக்கச் சில தோட்டாக்களை மட்டும் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர் எங்கே போய்ச் சுட்டுப் பழகுவார்? பழகாத கை இருட்டில் சுடுவதுதான் எல்லாவற்றையும் விட ஆபத்து. கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்கள்கூட இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கு.

தேர்தல் வந்தால் துப்பாக்கி ஸ்டேஷனுக்கு

தேர்தல் தேதி அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை போலீஸ் ஸ்டேஷனில் அல்லது ஆயுதக் கடையில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். 2024 மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்க. மார்ச் 16 அறிவிப்பு. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19ஆம் தேதியே ஓட்டு போட்டாச்சு. ஆனால் நாடு முழுக்க ஏழு கட்டம் முடிந்து ஜூன் 4 ரிசல்ட். இரண்டரை மாதத்துக்கு மேல் துப்பாக்கி வீட்டில் இல்லை. மாடு கன்று தண்ணி தேடும் கோடையில் பன்றியும் தண்ணி பாயும் தோட்டத்தைத் தேடித்தான் வரும்.

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்பது பலருக்குத் தெரியாது. பாம்பே ஹைகோர்ட்டின் 2009 தீர்ப்பை ஒட்டி, மாவட்ட அளவில் ஒரு பரிசீலனைக் குழு உட்கார்ந்து, குற்றப் பின்னணி உள்ளவர்கள், ஜாமீனில் இருப்பவர்கள், தேர்தல் நேரத்தில் கலவரத்தில் ஈடுபட்டவர்கள் என்று தனித்தனியாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதே நடைமுறை. நடப்பதோ பெரும்பாலும் மொத்தமாக 'கொண்டாந்து வச்சிருங்க' தான். வங்கிக் காவலர்கள், போட்டிகளில் பங்கேற்கும் துப்பாக்கி வீரர்கள் ஆகியோருக்கு உத்தரவுகளில் வழக்கமாக விலக்கு இருக்கும். பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ்காரர் விலக்கு கேட்க வேண்டும் என்றால் அந்தக் குழுவிடம் எழுதிக் கொடுக்க வேண்டியதுதான்.

பக்கத்துக் குடகில் கதை வேறு. குடவர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் லைசென்ஸில் இருந்தே விலக்கு உண்டு. அது 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கு. கர்நாடக ஹைகோர்ட்டும் 2021இல் அது செல்லும் என்று சொல்லிவிட்டது.

தோட்டா இருந்தாலும் பன்றியைச் சுடலாமா?

கூடாது. துப்பாக்கி லைசென்ஸ் வேறு, வனவிலங்கைக் கொல்லும் அனுமதி வேறு. இதைக் குழப்பிக்கொண்டு மாட்டியவர்கள் உண்டு. காட்டுப்பன்றி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு மூன்றாவது அட்டவணையில் இருந்தது. 2022 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாவது அட்டவணைக்கு வந்துவிட்டது. கலெக்டர் கொடுத்த லைசென்ஸை வைத்து அதிகபட்சம் வானத்தை நோக்கிச் சுட்டு விரட்டலாம். சுட்டுக் கொன்றால் வனத்துறை வழக்கு.

ஆனால் அதே சட்டத்தின் 11வது பிரிவு, மனித உயிருக்கோ நிற்கும் பயிருக்கோ ஆபத்து என்றால் விலங்கைக் கொல்ல 'எந்த நபருக்கும்' எழுத்துப்பூர்வ அனுமதி தரலாம் என்கிறது. இந்த ஒரு வரியை தமிழ்நாடும் கேரளாவும் வெவ்வேறு விதமாகப் படித்திருக்கின்றன.

தமிழ்நாடு 2025 ஜனவரியில் ஒரு முடிவெடுத்தது. அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டப்பேரவையில் அறிவித்தபடி, காப்புக்காட்டு எல்லையில் இருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு மேல் என்றால் சுடலாம். ஆனால் சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர்கள் மட்டும்.

மேப்பை எடுத்துப் பார்த்தால் கிணத்துக்கடவு தாலுகாவின் பெரும்பாலான ஊர்கள் வாளையாறு மலைச்சரிவில் இருந்து மூன்று கிலோமீட்டரைத் தாண்டித்தான் இருக்கு. அதாவது 'சுடலாம்' மண்டலம். பன்றிகள் இங்கே மலையில் இருந்து தினமும் நடந்து வருவதில்லை. ஓடைப் பள்ளங்களில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல முள்ளுக்குள்ளேயே குட்டி போட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. ஆனால் ஒரு வனச்சரகத்தில் துப்பாக்கி பிடிக்கப் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? யானை விரட்டும் வேலையே அவர்களுக்கு ராத்திரி முழுக்க இருக்கு. மனு எழுதி, குழு பார்த்து, ஆள் வருவதற்குள் கடலைக்காடு காலி என்பது விவசாயச் சங்கங்களின் புகார்.

வேலந்தாவளம் செக்போஸ்டைத் தாண்டினால் நிலைமை வேறு. கேரளா 2022 மே மாதத்தில் அந்த அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் நகராட்சித் தலைவர்களுக்கும் கொடுத்துவிட்டது. அவர்கள் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் உள்ளூர்க்காரரை வைத்துச் சுடச் சொல்லலாம். விஷம், மின்சாரம், வெடி கூடாது. இறைச்சியைத் தொடக் கூடாது, புதைக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கு. ஆனால் அங்கேயும் தட்டுப்பாடு கடைசியில் ஆளுக்கும் தோட்டாவுக்கும்தான் வந்து நின்றது. லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் பலர் வயதானவர்கள். ஊர் ஊராகப் போய்ச் சுட வேண்டியவருக்கும் தோட்டா வரம்பு பழைய வரம்புதான். அந்த வரம்பை எழுதியது வனத்துறையோ பஞ்சாயத்தோ இல்லை, ஆயுதச் சட்டம். மாநில அரசு சுடச் சொல்கிறது, மத்திய அரசின் விதி எண்ணிக் கொடுக்கிறது.

மத்திய அரசே நேரடியாக 'தொல்லை தரும் விலங்கு' என்று அறிவிக்கும் வழியும் இருக்கு. பீகாரில் நீலான்களுக்கும் பன்றிகளுக்கும் அப்படி அறிவித்து, 2016 ஜூனில் மொகாமா பகுதியில் ஹைதராபாத்தில் இருந்து வந்த வேட்டைக்காரர்கள் நீலான்களைச் சுட்டுத் தள்ளியபோது, அன்றைய மத்திய அமைச்சர் மேனகா காந்தியே அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். கேரளா பலமுறை கேட்டும் அந்த அறிவிப்பு கிடைக்கவில்லை.

தளர்த்தக் கூடாது என்பவர்கள் சொல்வது என்ன?

முதல் காரணம் கசிவு. வட மாநிலங்களில் 'கட்டா' எனப்படும் நாட்டுக் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் பாயின்ட் 315 அல்லது 12 போர் அளவில்தான் செய்யப்படுகின்றன. ஏன் அந்த அளவு? அந்தத் தோட்டாதான் லைசென்ஸ் கடையில் கிடைக்கிறது. சட்டப்படி விற்ற தோட்டா பின்வாசல் வழியாக அங்கே போய்ச் சேருகிறது. துப்பாக்கியைப் பட்டறையில் அடித்துவிடலாம், தோட்டாவை அடிப்பது கஷ்டம். அதனால் தோட்டாவைப் பிடித்தால் போதும் என்பது போலீஸ் கணக்கு. இதை லேசாக ஒதுக்கிவிட முடியாது.

இரண்டாவது, மேற்குத் தொடர்ச்சி மலை. கோவை, நீலகிரி வனப்பகுதிகளில் நாட்டுத் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போய்ப் பிடிபடும் செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கு. பன்றிக்கு என்று வாங்கிய தோட்டா கடமானுக்குப் போகாது என்று யார் உத்தரவாதம் தருவது?

மூன்றாவது ஈயம். இது இந்தியாவில் அதிகம் பேசப்படவில்லை. கலிஃபோர்னியா 2019இல் வேட்டையில் ஈயக் குண்டுகளை முழுசாகத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஈர நிலங்களில் தடுத்தது. கொன்ற விலங்கைத் தின்னும் கழுகுகளுக்கு ஈயம் விஷம். ஏற்கெனவே பாறுக் கழுகுகளை இழந்துகொண்டிருக்கும் நீலகிரிச் சரிவுக்குப் பக்கத்தில் இது யோசிக்க வேண்டிய விஷயம்.

ஆனால் தோட்டா கிடைக்காத இடத்தில் பன்றி நிம்மதியாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. அவுட்டுக்காய் இருக்கு. பழத்துக்குள்ளோ தீனிக்குள்ளோ மறைத்து வைக்கும் நாட்டு வெடி. பன்றிக்கு வைத்ததை யானைக்குட்டி கடித்து, வாய் சிதைந்து, தின்ன முடியாமல் நாள் கணக்கில் கிடந்து சாகும். 2020இல் பாலக்காடு மாவட்டத்தில் கர்ப்பிணி யானை ஒன்று வெடியால் வாய் சிதைந்து, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே இறந்த படம் உலகம் முழுக்கப் போனது. கோவை வனக்கோட்டத்திலும் அவுட்டுக்காய் யானைகளைக் கொன்றிருக்கு. இன்னொன்று திருட்டு மின்வேலி. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே ஒரே இரவில் மூன்று யானைகள் அப்படி இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்குப் பதிவு விதிகள் கொண்டுவந்தது. வேலியில் மனிதர்களும் செத்திருக்கிறார்கள், பலமுறை வேலி போட்டவரின் வீட்டு ஆளே.

சட்டப்படியான தோட்டாவுக்கு லைசென்ஸ், பதிவேடு, வருட வரம்பு, தேர்தல் ஒப்படைப்பு எல்லாம் உண்டு. அவுட்டுக்காய்க்கு எந்தப் பதிவேடும் கிடையாது. கட்டுப்பாட்டை ஆதரிக்கும் வனவிலங்கு ஆர்வலர்கள் இந்த முரணுக்கு இன்னும் சரியான பதில் சொல்லவில்லை.

பீரோவில் தோட்டா கிடந்தால்?

லைசென்ஸ்காரர் இறந்த பிறகு துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு, அலமாரியில் கிடக்கும் தோட்டாவை மறந்துவிடும் குடும்பங்கள் நிறைய. மஞ்சள் பையிலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ நாலைந்து 'சக்திமான்' தோட்டா, பித்தளை அடிப்பாகத்தில் கிர்க்கி ஃபேக்டரி முத்திரையோடு கிடக்கும். அதுவும் சட்டத்தின் கண்ணில் லைசென்ஸ் இல்லாத தோட்டாதான். 21வது பிரிவின்படி, லைசென்ஸ் காலாவதியானாலோ ரத்தானாலோ துப்பாக்கியையும் தோட்டாவையும் தாமதிக்காமல் பக்கத்து ஸ்டேஷனில் அல்லது லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஆற்றில் எறிவது, மண்ணில் புதைப்பது எல்லாம் வேண்டாம்.

விமான நிலையத்தில் பையை ஸ்கேன் செய்யும்போது ஒற்றைத் தோட்டா சிக்கி மாட்டுபவர்களும் உண்டு. கோவையிலும் நடந்திருக்கு. தெரிந்தே வைத்திருந்தாரா என்பதுதான் கோர்ட் பார்க்கும் முதல் விஷயம். சுப்ரீம் கோர்ட் 1972இலேயே ஆயுதம் 'வைத்திருத்தல்' என்றால் அது இருப்பது தெரிந்து வைத்திருப்பது என்று விளக்கியது. துப்பாக்கி இல்லாத ஒற்றைத் தோட்டாவை, சட்டத்தின் 45வது பிரிவு விலக்களிக்கும் சிறு பாகமாகக் கருதி டெல்லி ஹைகோர்ட் வழக்கை ரத்து செய்ததும் உண்டு. ஆனால் அதெல்லாம் வக்கீல் வைத்து, ஃப்ளைட்டை விட்டு, மாதக்கணக்கில் அலைந்த பிறகு.

ஏர்கன் பற்றியும் கேட்கிறார்கள். பாயின்ட் 177 அளவுக்குள்ளும் 20 ஜூல் விசைக்குள்ளும் இருக்கும் ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. மயிலையும் குரங்கையும் விரட்ட அதை வாங்கி வைத்திருக்கும் தோட்டங்கள் உண்டு. ஆனால் மயில் முதல் அட்டவணை விலங்கு. ஏர்கன் குண்டு பட்டு மயில் செத்தால் ஆயுதச் சட்டம் வராது, வனவிலங்குச் சட்டம் வரும், அதுவும் பன்றியைவிடக் கடுமையாக.

அப்பாவின் லைசென்ஸைப் பிள்ளை பெயருக்கு மாற்ற முடியுமா என்பது தோட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. முடியும். 2016 விதிகளின்படி, லைசென்ஸ்காரர் 70 வயதைத் தொட்டிருந்தாலோ, 25 வருடம் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே சட்டப்பூர்வ வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். இறந்த பிறகும் வாரிசு விண்ணப்பிக்கலாம், மற்ற வாரிசுகள் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டும். வாரிசுக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும், போலீஸ் அறிக்கை சுத்தமாக இருக்க வேண்டும். தோட்டா வரம்பு அப்போது புதிதாக எழுதப்படும். பயிர்ப் பாதுகாப்புக்கு எவ்வளவு தேவை என்று நிலத்தின் பரப்பு, பயிர், சேத மனுக்களின் நகல் ஆகியவற்றோடு விண்ணப்பத்திலேயே எழுதிக் கேட்பதற்குத் தடை எதுவும் இல்லை. கோவை மாவட்டத்தில் அந்த விண்ணப்பம் போக வேண்டிய இடம் கலெக்டர் அலுவலகம், மாநகர எல்லைக்குள் என்றால் கமிஷனர் அலுவலகம்.